பழைய ஸ்விட்சை வைத்துக்கொண்டு விஎம் டிராஃபிக்கைக் கண்காணிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தின் ரேக்கில் இரண்டு பழைய சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 ஸ்விட்சுகள் இருக்கின்றன. சர்வர்களுக்கு 24 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச், ஊழியர்களின் கணினிகளுக்கு 48 போர்ட் 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச். அவற்றுக்குக் கீழே மூன்று சர்வர்கள், மூன்றிலும் விஎம்களை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் மென்பொருள், எல்லாம் சேர்த்து இருபத்திச் சொச்சம் விஎம்கள், அதாவது சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினிகள். சர்வர்கள் இரண்டு தடவை மாறிவிட்டன, ஸ்விட்சுகள் மட்டும் மாறவில்லை. இங்கிருந்து புதுச்சேரி வரை நான் போய்ப் பார்த்த பல இடங்களில் இதே கதைதான். புது ஸ்விட்சுக்குப் பணம் ஒதுக்கும் வரை இருப்பதை வைத்தே "நெட் ஏன் மெதுவா இருக்கு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சொல்ல முடியும். அதற்கு ஒரு விஷயத்தை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். பழைய ஸ்விட்சிடம் அதனால் முடிந்ததை மட்டும்தான் கேட்க வேண்டும். எந்த போர்ட்டில் எத்தனை பைட் போனது, எத்தனை பிழை வந்தது, எந்த மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) எந்த போர்ட்டில் இருக்கிறது: இந்த மூன்றையும் அது இன்றும் சரியாகச் சொல்லும். யார் யாரோடு எவ்வளவு பேசினார்கள் என்பது அதற்குத் தெரியாது. அதை ஹோஸ்டிடம், அதாவது விஎம்கள் ஓடும் சர்வரிடம் கேட்க வேண்டும். இரண்டு பதில்களையும் ஒரே கடிகாரத்தில் வைத்துப் படிப்பதுதான் வேலை.

படி 1: காகிதத்தில் படம் போடுங்கள்

மென்பொருள் எதையும் நிறுவுவதற்கு முன்னால் ஓர் ஏ4 தாளை எடுங்கள். எந்த ஹோஸ்டில் எந்த விஎம், அது எந்த விலேனில் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்), அந்த ஹோஸ்டின் கேபிள் ஸ்விட்சில் எந்த போர்ட்டில் என்று எழுதுங்கள்.

ஒரே ஹோஸ்டில், ஒரே விலேனில் இருக்கும் இரண்டு விஎம்கள் பேசிக்கொண்டால் அந்த டிராஃபிக் ஹோஸ்டுக்குள் மென்பொருள் ஸ்விட்சாக இருக்கும் பிரிட்ஜிலேயே முடிந்துவிடும். கேபிளுக்கே வராது. ஸ்விட்சில் என்ன கருவியை மாட்டினாலும் அது தெரியாது. அதே இரண்டு விஎம்களும் வேறு வேறு விலேனில் இருந்து, ரூட்டர் வெளியே ஒரு தனிப் பெட்டியாக இருந்தால், ஒவ்வொரு பாக்கெட்டும் கேபிள் வழியாக வெளியே போய் அதே கேபிள் வழியாகத் திரும்பி வரும். பக்கத்து வீட்டுக்குப் பேருந்து நிலையம் வரை போய்ச் சுற்றி வருவது போல. விஎம்களைப் பிரித்து வைக்கும்போது இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கிராஃப் திடீரென்று இரட்டிப்பானால் முதலில் இங்கே பாருங்கள்.

படம் சரிதானா என்று ஸ்விட்சின் மேக் டேபிளை எடுத்துச் சரிபாருங்கள். விஎம்களை அவற்றின் மேக் முகவரியின் முதல் மூன்று எண்களை வைத்து அடையாளம் காணலாம். 00:50:56 என்றால் விஎம்வேர், 52:54:00 என்றால் கேவிஎம், 08:00:27 என்றால் விர்ச்சுவல்பாக்ஸ். ஊழியர் ஒருவரின் கணினி இருக்கும் போர்ட்டில் 08:00:27 தெரிந்தால், அவர் அங்கே தனியாக ஒரு விஎம் ஓட்டுகிறார். இப்படி ஒன்றிரண்டு ஒவ்வோர் அலுவலகத்திலும் கிடைக்கும்.

படி 2: ஸ்விட்சின் உடல்நிலை

கடலோரத்தில் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். தேவனாம்பட்டினம் பக்கத்திலிருந்து வரும் உப்புக் காற்றுக்கு ஏசி அறையும் முழுப் பாதுகாப்பு இல்லை. பல வருடங்களாகக் கழற்றாத கேபிளை உருவி, முனையில் இருக்கும் எட்டுப் பித்தளை நிறத் தகடுகளையும் கைவிளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். பச்சையாகவோ கருப்பாகவோ படிந்திருந்தால் அந்த முனையை வெட்டிப் புதிது போடுங்கள். போர்ட்டுக்குள்ளும் அதே பச்சை இருந்தால் அந்த போர்ட்டை விட்டுவிட்டு வேறொன்றுக்கு மாறுங்கள். ஒரு போர்ட்டுக்காகச் சுரண்டப் போய்ப் பக்கத்து போர்ட்டையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அப்புறம் விசிறியில் கை வைத்துப் பாருங்கள், காற்று வெளியே வருகிறதா என்று.

அடுத்து, ஸ்விட்சுக்குள் நுழைவது. தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்ஹெச் மென்பொருளில், 2015-ல் வந்த 7.0 பதிப்பு டிஃபி-ஹெல்மன் குரூப் 1 என்ற பழைய சாவிப் பரிமாற்ற முறையையும், 2021-ல் வந்த 8.8 பழைய ஆர்எஸ்ஏ-ஷா 1 கையொப்பத்தையும் இயல்பாக மறுத்துவிடுகின்றன. அதனால் புது லினக்ஸிலிருந்து பழைய ஸ்விட்சுக்குள் போக முயன்றால் இணைப்பு மறுக்கப்படும். ஸ்விட்ச் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். அந்த ஒரு முகவரிக்கு மட்டும் பழைய முறையை அனுமதிக்கும்படி கான்ஃபிக் கோப்பில் எழுதுங்கள், எல்லா முகவரிகளுக்கும் திறந்துவிடாதீர்கள். ஸ்விட்சின் நிர்வாக முகவரியைத் தனி விலேனில் வைத்து, கண்காணிப்புக் கணினியும் உங்கள் கணினியும் மட்டும் அதைத் தொடும்படி செய்துவிட்டால் பாதிக் கவலை குறையும்.

உள்ளே போனதும் ஷோ இன்டர்ஃபேஸ் கொடுத்து ஒவ்வொரு போர்ட்டின் வேகத்தையும் டூப்ளெக்ஸையும் (இரு திசையிலும் ஒரே நேரத்தில் ஓடினால் ஃபுல், மாறி மாறி ஓடினால் ஹாஃப்) படியுங்கள். என்றைக்கோ யாரோ ஒரு போர்ட்டை 100 ஃபுல் என்று பூட்டி வைத்திருப்பார்கள். எதிர்முனையில் இருக்கும் சர்வர் ஆட்டோவில் இருந்தால் வேகத்தை மட்டும் கண்டுகொள்ளும், டூப்ளெக்ஸ் தெரியாமல் ஹாஃபுக்கு இறங்கிவிடும். அப்போது ஃபுல்லாக இருக்கும் ஸ்விட்ச் பக்கம் சிஆர்சி பிழை (சிதைந்து வந்த பாக்கெட்) ஏறும், ஹாஃபாக இருக்கும் சர்வர் பக்கம் லேட் கொலிஷன் (தாமதமான மோதல்) ஏறும். பிங் நன்றாகத்தான் போகும், பெரிய கோப்பு மட்டும் நகராது. இரண்டு பக்கமும் ஆட்டோவில் விடுங்கள், அல்லது இரண்டு பக்கமும் பூட்டுங்கள்.

படி 3: ஸ்விட்சின் கவுண்டர்களைச் சேகரியுங்கள்

இதற்கு, நெட்வொர்க் கருவிகளின் கவுண்டர்களைக் கேட்டு வாங்கும் எஸ்என்எம்பி முறை போதும். காக்டை, லிப்ரேஎன்எம்எஸ், ஜாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள்கள் மூன்றில் உங்களுக்குப் பழகியதை எடுத்துக்கொள்ளுங்கள். எது என்பது பெரிய விஷயமில்லை, எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

பழைய கவுண்டரான இஃப்-இன்-ஆக்டெட்ஸ் 32 பிட் அளவு கொண்டது. 4,294,967,296 பைட் ஆனதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 100 எம்பிபிஎஸ் போர்ட் முழு வேகத்தில் ஓடினால் அது சுற்றி வர 343 வினாடி ஆகும். கிகாபிட் போர்ட்டில் 34 வினாடிதான். நீங்கள் 5 நிமிடத்துக்கு ஒரு முறை படித்தால், இடையில் அது எட்டுத் தடவைக்கு மேல் சுற்றியிருக்கலாம். கிராஃப் ஏதோ ஒரு கோட்டைப் போடும், பார்க்க அழகாகவும் இருக்கும், ஆனால் அது உண்மை இல்லை. அதனால் 64 பிட் கவுண்டரான இஃப்-ஹெச்சி-இன்-ஆக்டெட்ஸையே கேளுங்கள். இதற்கு எஸ்என்எம்பி பதிப்பு 2சி ஆவது வேண்டும், பதிப்பு 1 இதைத் தராது. பழைய டெம்ப்ளேட்டுகள் சில பதிப்பு 1-லேயே நிற்கின்றன, திறந்து பார்த்து மாற்றுங்கள்.

எஸ்என்எம்பியில் கடவுச்சொல் போலப் பயன்படும் கம்யூனிட்டி பெயரைப் பப்ளிக் என்றே விட்டுவைக்காதீர்கள். படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள், எழுதும் உரிமை வேண்டாம்.

எவ்வளவு அடிக்கடி படிப்பது? ஹோஸ்டுகள் இருக்கும் போர்ட்டுகளையும் அப்லிங்க்கையும் (ஸ்விட்சை மற்ற நெட்வொர்க்கோடு இணைக்கும் போர்ட்) நான் 60 வினாடிக்கு ஒரு முறை படிக்கிறேன். மற்ற போர்ட்டுகளுக்கு 5 நிமிடம் போதும். எல்லாவற்றையும் எல்லா நேரமும் கேட்டால் பழைய ஸ்விட்சின் சிபியு மூச்சு வாங்கும், மேக் டேபிள் முழுவதையும் நிமிடத்துக்கு ஒரு முறை இழுத்தால் இன்னும் மோசம். சிபியு அளவையும் ஒரு கிராஃபாகப் போட்டுவைத்தால், சுமை உங்கள் கண்காணிப்பால்தான் வருகிறதா என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும்.

பைட் கிராஃபை விட எனக்கு முக்கியமானவை இரண்டு கவுண்டர்கள்: பிழைகள், டிஸ்கார்டுகள். ஒரு கிகாபிட் போர்ட் 20 வினாடி முழுதாக நிரம்பி, மீதி நேரம் சும்மா இருக்கிறது என்று வையுங்கள். 5 நிமிடச் சராசரியில் அது 67 எம்பிபிஎஸ்தான். கிராஃபைப் பார்ப்பவர் "ஏழு சதவீதம் கூட இல்லையே, நெட்வொர்க் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிடுவார். அந்த 20 வினாடியில் பில் போட்டுக்கொண்டிருந்தவர்களின் திரை உறைந்தது அதில் தெரியாது. பழைய ஸ்விட்சுகளில் பஃபர் சிறியது. நிரம்பியதும் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு டிஸ்கார்ட் கவுண்டரை ஒன்று ஏற்றும். சராசரி மறைப்பதை இந்தக் கவுண்டர் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று: ஸ்விட்ச் எவ்வளவு நாளாக ஓடுகிறது என்று காட்டும் சிஸ்அப்டைம் எண்ணும் 32 பிட்தான். 497 நாளில் அதுவும் பூஜ்யமாகும். ஓட்டம் நிற்காத பழைய ஸ்விட்ச் ஒரு நாள் "இப்போதுதான் எழுந்தேன்" என்று சொன்னால் மின்வெட்டு என்று முடிவு கட்டிவிடாமல் லாகைப் பாருங்கள்.

படி 4: பேச்சுவார்த்தையை ஹோஸ்டிடம் கேளுங்கள்

2960 போன்ற ஸ்விட்சில் நெட்ஃப்ளோ, அதாவது யார் யாரோடு எவ்வளவு பேசினார்கள் என்ற பதிவை அனுப்பும் வசதி, கிடையாது. ஹெச்பி புரோகர்வ் வரிசையில் பல மாடல்களில், அதே வேலையை மாதிரி எடுத்துச் செய்யும் எஸ்ஃப்ளோ உண்டு. உங்களுடையது அந்த வகை என்றால் அதையும் இயக்கிக்கொள்ளுங்கள். ஆனாலும் ஹோஸ்டுக்குள்ளேயே முடியும் டிராஃபிக்கை எந்த ஸ்விட்சாலும் பார்க்க முடியாது என்பதால், இந்தப் படி எல்லோருக்கும் வேண்டும்.

முதலில் எளிய வழி. பிராக்ஸ்மாக்ஸில் ஒவ்வொரு விஎம்முக்கும் ஒரு டேப் இன்டர்ஃபேஸ் (விஎம்மைப் பிரிட்ஜோடு இணைக்கும் மெய்நிகர் கேபிள் முனை) இருக்கும். 101 எண் கொண்ட விஎம்மின் முதல் நெட்வொர்க் கார்டு என்றால் டேப்101ஐ0. ஹோஸ்டில் ஐபி லிங்க் கட்டளைக்குப் புள்ளிவிவரத் தெரிவைச் சேர்த்துக் கொடுத்தால் அதன் கவுண்டர் வரும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள், திசை தலைகீழாக இருக்கும். டேப் வாங்கியது என்று ஹோஸ்ட் சொல்வது, விஎம் அனுப்பியது. இதை மாற்றிப் படித்தால், பதிவிறக்கும் விஎம்மை விட்டுவிட்டு வேறெதையோ துரத்திக்கொண்டிருப்பீர்கள். விஎம்மின் ஃபயர்வால் இயங்கினால் அதே பாக்கெட் வேறு சில இடை இன்டர்ஃபேஸ்களிலும் எண்ணப்படும், அதனால் டேப்பை மட்டும் எண்ணுங்கள்.

அடுத்து ஃப்ளோ, அதாவது யார் யாரோடு பேசினார்கள் என்ற பதிவு. சாதாரண லினக்ஸ் பிரிட்ஜ் என்றால் ஹோஸ்டில் நெட்ஃப்ளோ பதிவை உருவாக்கும் சாஃப்ட்ஃப்ளோடி நிறுவி, விஎம்பிஆர்0 பிரிட்ஜைக் கேட்கச் சொல்லுங்கள். அது பிரிட்ஜை ப்ராமிஸ்குவஸ் நிலைக்கு (எல்லாப் பாக்கெட்டையும் கேட்கும் நிலை) கொண்டுபோவதால், இரண்டு விஎம்களுக்கு இடையில் மட்டும் ஓடும் டிராஃபிக்கும் அதன் கண்ணில் படும். ஓபன் விஸ்விட்ச் என்றால் வேலை இன்னும் குறைவு: நெட்ஃப்ளோ, எஸ்ஃப்ளோ, ஐபிஃபிக்ஸ் மூன்றும் அதற்குள்ளேயே இருக்கின்றன, எங்கே அனுப்ப வேண்டும் என்று சொன்னால் போதும். விஎம்வேரில் டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்ச் இருந்தால் அதில் நெட்ஃப்ளோ உண்டு. சாதாரண விஸ்விட்ச் மட்டும்தான் என்றால் ஒரு போர்ட் குரூப்பில் ப்ராமிஸ்குவஸை அனுமதித்து அங்கே கண்காணிப்பு விஎம் ஒன்றை உட்கார வையுங்கள். அந்த போர்ட் குரூப்புக்கு விலேன் எண் 4095 கொடுத்தால் எல்லா விலேனும் டேகோடு (விலேன் எண் குறியோடு) வரும். ஹைப்பர்-வியில் விஎம்மின் நெட்வொர்க் கார்டு அமைப்பிலேயே மிரர் சோர்ஸ் (நகலெடுக்கப்படுவது), மிரர் இலக்கு (நகலைப் பெறுவது) என்று தேர்ந்தெடுக்கலாம்.

சேகரிக்கும் கணினியை இந்த மூன்று ஹோஸ்டுகளில் ஒன்றில் விஎம்மாக வைக்காதீர்கள். ஹோஸ்ட் விழும்போது என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியதும் சேர்ந்து விழுந்துவிடும். பழைய டெஸ்க்டாப் ஒன்றில் இரண்டாவது நெட்வொர்க் கார்டைச் செருகி, லினக்ஸ் போட்டு, ஃப்ளோ பதிவுகளைச் சேகரிக்கும் என்எஃப்கேப்டியை ஓடவிடுங்கள். நெட்ஃப்ளோவுக்கு யுடிபி 2055 வழக்கம், எஸ்ஃப்ளோவுக்கு 6343, ஐபிஃபிக்ஸுக்கு 4739. படிப்பதற்கு என்எஃப்டம்ப்.

வட்டு இடம் எவ்வளவு? நெட்ஃப்ளோ பதிப்பு 5-ல் ஒரு பதிவு 48 பைட். வினாடிக்கு 100 பதிவு வந்தாலும் நாளுக்கு 415 எம்பி அளவில்தான் ஆகும். மூன்று மாதத்தைச் சாதாரண வட்டில் வைக்கலாம். பதிப்பு 5-ல் ஐபிவி6 கிடையாது, அதனால் பதிப்பு 9 அல்லது ஐபிஃபிக்ஸைத் தேர்ந்தெடுங்கள், பதிவு கொஞ்சம் பெரிதானாலும் பரவாயில்லை.

எஸ்ஃப்ளோ என்றால் அது மாதிரி எடுப்பது, எல்லாவற்றையும் எண்ணுவதில்லை. ஒரு வகை டிராஃபிக்குக்கு 100 மாதிரி கிடைத்திருந்தால் பிழை ஏறத்தாழ 20 சதவீதம் வரை போகலாம், 10,000 மாதிரி கிடைத்தால் 2 சதவீதத்துக்குள் அடங்கும். "யார் அதிகம் இழுக்கிறார்கள்" என்பதற்கு இது தாராளம். ஒரே ஒரு சின்ன இணைப்பு ஏன் அறுந்தது என்று இதில் தேடாதீர்கள்.

இரட்டை எண்ணிக்கையையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் ஹோஸ்டின் விஎம் இரண்டாவது ஹோஸ்டின் விஎம்மோடு பேசினால் இரண்டு ஹோஸ்டுமே அதைச் சொல்லும். மொத்தம் கூட்டும்போது அனுப்பியவரின் ஹோஸ்ட் சொன்னதை மட்டும் எடுங்கள்.

படி 5: மிரர், தேவைப்படும் நேரத்துக்கு மட்டும்

மிரர் என்பது ஒரு போர்ட்டின் டிராஃபிக்கை இன்னொரு போர்ட்டுக்கு நகலெடுத்து அனுப்புவது. பலரும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் கடைசியில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு கிகாபிட் போர்ட் உள்ளே ஒரு கிகாபிட், வெளியே ஒரு கிகாபிட் ஓடும். இரண்டையும் மிரர் செய்தால் 2 கிகாபிட்டை 1 கிகாபிட் போர்ட்டில் ஊற்றுகிறீர்கள், மீதி கீழே சிந்தும். சிந்தியது நெட்வொர்க்கில் தொலைந்ததா, மிரரில் தொலைந்ததா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. 100 எம்பிபிஎஸ் போர்ட்டை மிரர் இலக்காக வைத்துக் கிகாபிட் அப்லிங்க்கைப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. ஒரு திசையை மட்டும் எடுங்கள், ஒரு போர்ட்டை மட்டும் எடுங்கள், வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். பழைய ஸ்விட்சுகளில் மிரர் அமர்வு ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும்.

இலக்கு போர்ட்டின் எண்ணைத் தட்டும்போது நிதானம் தேவை. இலக்காக மாறிய போர்ட்டில் வழக்கமான போக்குவரத்து நின்றுவிடும். எண் ஒன்று தவறி, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் போர்ட்டைக் கொடுத்துவிட்டால் அந்தச் சர்வர் அந்த நொடியே காணாமல் போகும். கேட்டலிஸ்ட் என்றால் என்கேப்சுலேஷன் ரெப்ளிகேட் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் விலேன் டேக் இல்லாமல் பாக்கெட் வரும், எது எந்த விலேன் என்று தெரியாது.

பிடிக்கும் கணினியில் மிரர் வரும் கார்டுக்கு ஐபி கொடுக்க வேண்டாம். ஈத்டூல் கொண்டு அதன் ஜிஆர்ஓ, எல்ஆர்ஓ இரண்டையும் அணையுங்கள், இல்லாவிட்டால் சின்னப் பாக்கெட்டுகள் ஒட்டிக்கொண்டு 1500-ஐத் தாண்டிய பெரிய பாக்கெட்டாகத் தெரியும். விஎம்முக்குள்ளேயே பிடிக்கும்போது செக்சம் தவறு என்று வயர்ஷார்க் சிவப்பாகக் காட்டினால், பெரும்பாலும் அதற்குக் காரணம் ஆஃப்லோட்தான் (செக்சம் கணக்கை நெட்வொர்க் கார்டிடம் விடுவது), கேபிள் இல்லை.

முழுப் பாக்கெட்டையும் சேமிக்க ஆசைப்படாதீர்கள். தொடர்ந்து 100 எம்பிபிஎஸ் ஓடினால் மணிக்கு 45 ஜிபி, நாளுக்கு 1 டிபிக்கு மேல். டிசிபிடம்ப்பில் பாக்கெட்டுக்கு முதல் 128 பைட் மட்டும் எடுக்கச் சொன்னால் தலைப்புகள் வந்துவிடும். இடத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தப் பாக்கெட்டுகளுக்குள் மனிதர்களின் சம்பளமும் நோயும் கடவுச்சொல்லும் இருக்கும். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. பிடிக்கும் முன் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வேலை முடிந்ததும் கோப்பை அழியுங்கள்.

படி 6: ஒரே கடிகாரம்

ஸ்விட்ச், ஹோஸ்டுகள், சேகரிக்கும் கணினி எல்லாவற்றுக்கும் ஒரே என்டிபி (நேரம் சொல்லும் சர்வர்) முகவரியைக் கொடுங்கள். நேர மண்டலத்தை 5:30 என்று ஸ்விட்சிலும் அமையுங்கள். இரண்டு நிமிட வித்தியாசம் இருந்தாலே டிஸ்கார்ட் ஏறிய நிமிடத்தையும் ஃப்ளோவையும் சேர்த்துப் படிக்க முடியாமல் போகும்.

இது எப்படிக் கைகொடுக்கும் என்று எங்கள் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மழைக்கால இரவில் மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்து, எல்லாம் அணைந்து மறுபடி எழுந்தன. மறுநாளிலிருந்து கணக்குப் பிரிவிலிருந்து அக்கா அடிக்கடி கூப்பிட ஆரம்பித்தார்: "தம்பி, மறுபடியும் சுத்திக்கிட்டே இருக்கு." நான் போய்ப் பார்ப்பதற்குள் சரியாகிவிடும். 5 நிமிடச் சராசரியாகக் காட்டும் கிராஃபில் ஒன்றுமில்லை. அவரிடம் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, உறையும்போதெல்லாம் மணியைக் குறித்து வைக்கச் சொன்னேன். மாலையில் சீட்டில் இருந்தவை 11:02, 12:02, 2:02, 3:02. பகல் ஒரு மணிக்கு அவர் சாப்பிடப் போயிருந்தார்.

அந்த நிமிடங்களை வைத்து ஸ்விட்சைப் பார்த்தால், இரண்டாவது ஹோஸ்டுக்குப் போகும் போர்ட்டில் மட்டும் வெளிச்செல்லும் டிஸ்கார்ட் ஏறியிருந்தது, 1:02 உட்பட. பில்லிங் விஎம் இருப்பது அந்த ஹோஸ்டில். அதே நிமிடத்து ஃப்ளோவை என்எஃப்டம்ப்பில் பைட் வரிசையில் அடுக்கியதும் முதல் வரியிலேயே பதில் இருந்தது: கோப்பு சர்வர் விஎம்மிலிருந்து பேக்கப் விஎம்முக்கு, 20 வினாடியில் சுமார் இரண்டரை ஜிபி. மணிக்கொரு முறை ஓடும் நகலெடுப்பு அது. பல மாதங்களாக ஓடுகிறது, யாருக்கும் தொந்தரவு இருந்ததில்லை. ஏனென்றால் அதுவரை இரண்டு விஎம்களும் முதல் ஹோஸ்டில் இருந்தன, டிராஃபிக் பிரிட்ஜுக்குள்ளேயே முடிந்துகொண்டிருந்தது. மின்வெட்டுக்குப் பிறகு பேக்கப் விஎம் இரண்டாவது ஹோஸ்டில் எழுந்திருக்கிறது. முதல் முறையாக அந்த டிராஃபிக் ஸ்விட்சுக்கு வந்து, பில்லிங் போகும் அதே போர்ட்டை நிரப்பியது.

பேக்கப் விஎம்மைப் பழைய இடத்துக்கே நகர்த்தியிருந்தால் பிரச்சினை அன்றே மறைந்திருக்கும். நான் நகர்த்தவில்லை. மூலமும் நகலும் ஒரே ஹோஸ்டில் இருந்தால் அந்த ஹோஸ்ட் போகும்போது இரண்டும் போய்விடும், முன்பு இருந்ததுதான் தவறான இடம். கோப்பு சர்வர் விஎம்முக்கு இரண்டாவது நெட்வொர்க் கார்டு ஒன்றைக் கொடுத்து, நகலெடுப்பை மட்டும் அதன் வழியாக அனுப்பி, பிராக்ஸ்மாக்ஸில் அந்தக் கார்டுக்கு வேக வரம்பாக வினாடிக்கு 30 எம்பி வைத்தேன். 20 வினாடியில் முடிந்தது இப்போது ஒன்றரை நிமிடம் ஆகிறது. டிஸ்கார்ட் கவுண்டர் அதற்குப் பிறகு ஏறவில்லை, அக்காவும் கூப்பிடவில்லை.

படி 7: அலெர்ட்டும் சேமிப்பும்

அலெர்ட் குறைவாக வையுங்கள். என்னிடம் இருப்பவை நான்கு: ஹோஸ்ட் போர்ட்டில் ஒரு நிமிடத்தில் டிஸ்கார்ட் ஏறினால், எந்த போர்ட்டிலாவது சிஆர்சி தொடர்ந்து ஏறினால், ஸ்விட்ச் புதிதாக எழுந்தால், ஹோஸ்ட் ஒன்றிலிருந்து ஃப்ளோ வருவது 5 நிமிடம் நின்றால். கடைசியை மறந்துவிடாதீர்கள். ஃப்ளோ வராத மௌனத்தை அமைதியான நெட்வொர்க் என்று நினைத்துவிடக் கூடாது.

அப்புறம், செய்த மாற்றத்தை ஸ்விட்சில் ரைட் மெமரி கொடுத்துச் சேமித்துவிட்டு எழுந்திருங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரையும் புதுச்சேரியையும் எப்படிப் புரட்டிப்போட்டது என்று இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. இந்தக் கரையில் மின்சாரம் போவதும் வருவதும் வருடாவருடம் நடப்பது. சேமிக்காத எஸ்என்எம்பி அமைப்பும் என்டிபி முகவரியும் ஒரே மின்வெட்டில் போய்விடும், கண்காணிப்பு மிக அவசியமாகும் அந்த வாரத்தில்தான் அது இல்லை என்பது தெரியவரும். கான்ஃபிக்கின் நகல் ஒன்றைச் சேகரிக்கும் கணினியிலும், இன்னொன்றைக் கட்டடத்துக்கு வெளியேயும் வையுங்கள். படி 1-ல் வரைந்த தாளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு ரேக்கின் கதவில் ஒட்டிவிட்டு, விஎம் ஒன்று இடம் மாறும் அன்றே அதைத் திருத்துங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், செப்டம்பர் கடைசிக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்விட்சை நீங்களே அணைத்து எழுப்பி, எல்லா கிராஃபும் தானாகத் திரும்ப வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.